பந்துக்குத்தான் அழுதனான்

அன்புள்ள அண்ணா,

நான் புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். வயது 25. பெயரைப் போட வேண்டாம்.

நான் ஸ்பெயினின் அத்லெட்டிகோ மட்ரிட் கால்பந்துக் கழகத்தின் ரசிகன். 2014இல் லிஸ்பனில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பக்கத்து வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்து பார்த்தோம். எல்லாரும் எதிரணி ரியல் மட்ரிட் பக்கம். கடைசி நேரத்தில் ரியலின் ராமோஸ் தலையால் முட்டிச் சமப்படுத்தியதும் வீடே எழும்பிக் குதித்தது. நான் அத்லெட்டிகோ ஆட்டக்காரர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 14 வயது. அன்றிலிருந்து அவர்கள் பக்கம். 2016இல் மறுபடி இறுதியாட்டம், மறுபடி அதே ரியல், மறுபடி தோல்வி.

2025 மார்ச்சில் அதே சம்பியன்ஸ் லீக்கில், அதே ரியலிடம் சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடிய ஒன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம், முடிய நாலு மணி தாண்டிவிட்டது. கடைசி உதை உள்ளே போனதும் என்னை அறியாமல் குழறிவிட்டேன். அப்பா ஓடிவந்து லைட்டைப் போட்டார். “என்னடா, ஆருக்கு என்னடா?” என்று கேட்டார். பந்து விளையாட்டு என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, “எங்கையோ கிடக்கிற வெள்ளைக்காரன் தோத்ததுக்கு அழுறியே, உன்ர கொண்ணனுக்கு இப்பிடி அழுதனியே?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

என் அண்ணாவை 2009இல் இறுதி யுத்தத்தில் மாத்தளனில் இழந்தோம். எனக்கு 9 வயது. அப்பா சொன்னது உண்மைதான், நான் அன்று அழவில்லை. அண்ணாவுக்கு அழாதவன் பந்துக்கு அழலாமா? அன்று எங்கள் கோல் ஒன்றை எடுத்துவிட்ட விதியையே ஜூன் மாதம் திருத்திவிட்டார்கள் என்று வாசித்ததில் இருந்து இன்னும் எரிகிறது. அணியை மாற்று, நிம்மதியாக இருப்பாய் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பாவும் ஒருகாலத்தில் ஊர்க் கழகத்துக்கு விளையாடினவராம். இப்போது அந்தக் கதையே எடுப்பதில்லை. நான் என்ன செய்ய?

*

அன்புள்ள தம்பி,

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கதைப்போம். உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு பந்திகூட இல்லை. வெட்கத்தில் அதை ஒதுக்கிவிட்டு வீட்டுக் கதைக்கு ஓடிவிட்டீர்கள். நானும் அன்று விழித்திருந்தேன். நோன்மதி இரவு, வெளியே பகல் போல நிலவு. முதல் ஆட்டத்தில் ரியல் 2–1 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் ஆகமுன் அத்லெட்டிகோவின் கலாகர் கோல் அடித்து இரண்டு ஆட்டத்துக்குமான கணக்கைச் சமன் செய்தார். ரியலின் வினிசியுஸ் ஒரு தண்ட உதையை வானத்துக்கு அடித்தார். மேலதிக நேரமும் முடிந்து சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. அத்லெட்டிகோவின் இரண்டாவது உதைக்கு அல்வாரெஸ் வந்தார். அடிக்கும்போது ஊன்றிய இடது கால் வழுக்கியது. பந்து உள்ளே போனது. இடது காலிலும் பந்து பட்டது என்று சொல்லி அந்தக் கோலை எடுத்துவிட்டார்கள்.

விதி அப்படித்தான் இருந்தது. உதைத்தவர், இன்னொருவர் தொடும்வரை மறுபடி பந்தைத் தொடக் கூடாது. கள்ளத்தனம் செய்கிறவனுக்காக எழுதப்பட்ட விதி, வழுக்கி விழுந்தவன் மேல் பாய்ந்தது. ஜூனில் விதி வகுக்கும் சபை அதைத் தெளிவுபடுத்தியது. தவறுதலாக இரண்டு காலும் பட்டுப் பந்து உள்ளே போனால் உதையை மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் எரிச்சல் எனக்கு நன்றாக விளங்குகிறது. அநியாயம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஆனால் நடந்ததைத் திருப்பித் தரமாட்டார்கள். அப்படி ஒத்துக்கொள்ளாமலே இருந்திருந்தால் ஆறியிருக்கும் என்றுகூடத் தோன்றும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஆட்டம் கையில்தான் இருந்தது. ரியலின் வாஸ்க்வெஸின் உதையை அத்லெட்டிகோவின் கோல் காப்பாளர் ஒப்லாக் தடுத்தார். அடுத்து வந்த அத்லெட்டிகோவின் லொரெண்டே குறுக்குக் கம்பத்தில் அடித்தார். ரியலின் ருடிகரின் கடைசி உதை ஒப்லாக்கின் கையில் பட்டுத்தான் உள்ளே போனது. உங்கள் நெஞ்சில் அல்வாரெஸ் மட்டும்தான் நிற்கிறார். எனக்கு லொரெண்டேதான் நினைவில் நிற்கிறார். விதியும் காப்பாற்றாத, நடுவரையும் திட்ட முடியாத தவறு அவருடையது. அவரைப் போன்றவர்களுக்குத்தான் ரசிகன் தேவை.

உங்கள் கழகத்தின் கதையே அப்படித்தான். 1974இல் பிரசல்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் 114ஆவது நிமிடம் லூயிஸ் அரகோனெஸ் கோல் அடித்தார். இன்னும் ஆறே நிமிடம். 120ஆவது நிமிடத்தில் ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக்கின் ஸ்வார்சன்பெக் என்ற பின்வரிசை ஆட்டக்காரர் தூரத்தில் இருந்து அடித்த பந்து உள்ளே போனது. அந்தக் காலத்தில் இறுதியாட்டத்துக்குச் சமநிலை தவிர்ப்பு உதை கிடையாது, இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். அதில் 4–0 என்று தோற்றார்கள். நீங்கள் பார்த்த லிஸ்பன் ஆட்டத்தில் ராமோஸ் முட்டியது 92 நிமிடம் 48 வினாடியில். நாற்பது வருட இடைவெளியில் ஒரே காயம். 1974இல் கோல் அடித்த அரகோனெஸ் பிறகு அதே கழகத்துக்குப் பயிற்றுநராக இருந்தவர், 2014 பெப்ரவரியில் காலமானார். லிஸ்பனை அவர் பார்க்கவில்லை.

இதே கழகம் 2000இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி இரண்டு பருவம் அங்கே கிடந்தது. ரசிகர்கள் விட்டுப் போகவில்லை. 2016இல் மிலானில் ஹுவான்ஃபிரான் தன் உதையைக் கம்பத்தில் அடித்துவிட்டு, அழுதுகொண்டே ரசிகர்கள் இருந்த பக்கம் போய்க் கைகூப்பி நின்றார். அவர்கள் கைதட்டினார்கள். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைதட்டலில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அணியை மாற்றச் சொல்கிற நண்பர்களுக்கு இதுவே பதில், இதற்கு மேல் அவர்களோடு மினக்கெட வேண்டாம்.

“எங்கையோ கிடக்கிற வெள்ளைக்காரன்” என்றார் அப்பா. எனக்கும் ஒருகாலத்தில் அப்படி ஒரு அணி இருந்தது. 1999இல் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். பொருளாதாரத் தடை, பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். ஜேர்மனியில் இருந்த மச்சான் முன்பு அனுப்பிய ஒரு படத்தால் நான் பயேர்ன் மியூனிக் பக்கம். ஆம், உங்கள் கழகத்தை 1974இல் அழவைத்த அதே பயேர்ன். அவர்களும் மே 26ஆம் திகதி பார்சலோனாவில் 90 நிமிடமும் 1–0 என்று முன்னால் நின்று, அதன் பிறகு இரண்டு கோல் வாங்கி மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் தோற்றார்கள். எனக்கு அது அடுத்த நாள் காலைச் செய்தியில் ஒரே ஒரு வசனமாக வந்தது. பெடல் சுற்றிக்கொண்டிருந்த தம்பி “என்ன நடந்தது?” என்று கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, முகம்கூடச் சரியாகத் தெரியாத ஆட்களுக்காக அன்று முழுக்கப் பேசாமல் இருந்தேன். எனக்கு அது அசட்டுத்தனம் என்று அன்றும் படவில்லை, இன்றும் படவில்லை. குண்டும் நிவாரணமும் தவிர வேறொன்றையும் பற்றிக் கவலைப்பட அந்த நாளில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது.

சரி, அப்பாவிடம் வருவோம்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். அப்பா சொன்ன இரண்டாவது வசனம் உங்களைக் குத்திவிட்டது, அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவர் முதல் கேட்டது என்ன? “ஆருக்கு என்னடா?” விடிய நாலு மணிக்கு ஒரு வீட்டில் குழறல் சத்தம் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மனிதருக்குப் பழக்கம். நித்திரையில் இருந்து எழும்பி, லைட்டைப் போடும்வரை உள்ள அந்தச் சில அடிகளில் அவர் எங்கெல்லாம் போய்வந்திருப்பார் என்று யோசியுங்கள். பந்து என்று நீங்கள் சொன்னதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது கோபம் இல்லை, தம்பி. மூச்சு திரும்பி வருகிற நேரம். அதற்குப் பிறகு வந்த சொல்லை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். பயந்தவன் வாயில் வருகிற சொல் அது.

அண்ணாவுக்கு அழாததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாத்தளனில் 9 வயதுப் பிள்ளைக்கு அழ நேரம் யார் கொடுத்தார்கள்? அதற்கு மேல் அந்த இழப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஏன் உரிமையில்லை என்று எனக்கு ஒருவர் படிப்பித்தார். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2010இல் வட்டக்கச்சிப் பக்கம் மீளக் குடியமர்ந்தோம். எங்கள் பழைய மைதானத்தில் மிதிவெடி எடுத்து முடித்து, சிவப்புப் பட்டிகளைக் கழற்றினார்கள். காட்டில் பாலைக் கம்பு வெட்டிக் கோல் கம்பம் நட்டோம். கழகத்துக்கு ஒரே ஒரு பந்து. பின்னேரங்களில் பெடியள் அடிக்கத் தொடங்கியதும் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து இடது கரையோரம் நிற்பார். யுத்தத்தில் போன அவருடைய மகன் முன்பு எங்கள் கழகத்தின் இடது கரை ஆட்டக்காரன். பெரியவர் பாராட்டமாட்டார், பேச்சுத்தான் விழும். பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனை அவர் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

2012இல் அணிக்கு 9 பேர் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்றில் இறுதியாட்டம் வரை போனோம், எங்கள் மைதானத்திலேயே. எதிரே ஒரு கரையோரக் கிராமத்து அணி. 1–0 என்று முன்னால் நின்றோம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு கோணர் உதை, தூரக் கம்பத்தடியில் ஒருவன் தனியே நின்று முட்டினான். சமநிலை தவிர்ப்பு உதையில் எங்கள் கடைசிப் பந்து கம்பத்துக்கு மேலால் போய்ப் பின்னால் ஓடிய வாய்க்காலுக்குள் விழுந்தது. எதிரணி துள்ளிக் கத்திக்கொண்டிருக்க, எங்கள் பெடியள் மூன்று பேர் அழுதழுது வாய்க்கால் கரையால் பந்துக்குப் பின்னால் ஓடினார்கள். இரணைமடுத் தண்ணீர் அன்று நல்ல வேகம். பந்தை விட்டால் அடுத்த நாள் அடிக்க ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தேன். பெரியவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுகிறார். அவர் அழுது ஊரில் யாரும் கண்டதில்லை. யாரோ ஒருவர் “பந்துதானே ஐயா” என்றார். அவர் கையை வீசி விலக்கினார்.

நான் அதை ஒரு கட்டுரையாக எழுதினேன். அவர் பந்துக்காக அழவில்லை, மகனுக்காகத்தான் அழுதார் என்று எழுதினேன். வெளிநாட்டில் பலர் வாசித்துக் கண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள். பெரியவருக்கு அவருடைய மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “என்ர பெடியனுக்கு நான் அழுறது வேற தம்பி. அது உமக்குத் தெரியாது. அண்டைக்கு நான் பந்துக்குத்தான் அழுதனான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழும்பவும் இல்லை. “அந்தக் கோணருக்குத் தூரக் கம்பத்தடியில நிக்க வேண்டியவன் ஆர்? ஏன் முன்னுக்கு ஓடினவன்?” என்று தொடங்கினார். ஒரு மணித்தியாலம் கதைத்தார். விறாந்தைச் சீமெந்தில் விரலால் கோடு கீறி, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டினார். ஆட்டம் முடிந்து ஒன்றரை மாதமாகியிருந்தது. அவர் மனதில் அந்தக் கோணர் அன்றுவரை அடிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய தோல்வி ஒன்றை அவரிடமிருந்து எடுத்து, எனக்குப் பெரிதாகத் தெரிந்த இன்னொன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் செய்கிற பிழை இது. வன்னியில் ஒருவன் தும்மினாலும் அதற்கு யுத்தம்தான் காரணம் என்று எழுதிவிடுகிறோம்.

ஆகவே நான் உங்களுக்கு, நீங்கள் உண்மையில் அழுதது அண்ணாவுக்காகத்தான் என்று சொல்லப்போவதில்லை. வேறு யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். நீங்கள் அத்லெட்டிகோ தோற்றதற்காக அழுதீர்கள். அல்வாரெஸின் கால் வழுக்கியதற்காக அழுதீர்கள். அண்ணாவின் கணக்கில் இருந்து நீங்கள் ஒன்றையும் எடுத்துச் செலவழிக்கவில்லை.

இனி ஆட்டம் இருக்கிற இரவுகளில் முதல்நாளே அப்பாவிடம் சொல்லிவையுங்கள்: “அப்பா, இண்டைக்கு விடிய விடியப் பந்து இருக்கு, சத்தம் கேட்டாப் பயப்பிடாதேங்கோ.” அது உங்களால் செய்யக்கூடிய காரியம், கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம், அவர் ஊர்க் கழகத்துக்கு எந்த இடத்தில் விளையாடினவர் என்று கேளுங்கள். முன்வரிசையா, பின்வரிசையா, கோல் காத்தாரா? எந்த ஆட்டம் தோற்றது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்றும் கேளுங்கள். உடனே வாய் திறக்கமாட்டார். சிறுபோக வேலை முடிந்து ஓய்வாக இருக்கிற ஒரு பின்னேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், யார் விட்ட பந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா