ஏற்றம் ஏறினால் போதாதா?

கேள்வி: எனக்கு 69 வயது. மேடு ஏறி இறங்கித்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன். மகனோ டம்பெல் வாங்கி வந்து, 'தூக்குங்கப்பா, மறதியே வராது' என்கிறான். மலையில் இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?
- வாசகர், கோத்தகிரி

பதில்: நடையை விடாதீர்கள்; இதயத்துக்கு நல்லது. ஆனால் பல வருடமாக அதே மேடு, அதே உடம்பு. பழகிய சுமைக்குத் தசை வளராது. தோளுக்கும் முதுகுக்கும் அந்த நடையில் பெரிதாக வேலையும் இல்லை. நம்பாவிட்டால், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். முன்னும் பின்னும் ஆடித்தான் எழ முடிகிறதென்றால் தொடையில் வலு குறைகிறது.

அதுவே முதல் பயிற்சி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மெழுகிய தரையில் பின்னால் நழுவும். எழுந்தபின், மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். பலர் பாதியிலேயே தொப்பென்று விழுவார்கள். பலனில் பாதி அங்கேயே போய்விடும். மழையில் பாசி பிடித்த படியில் இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த மெல்ல இறங்கும் வலுதான். முட்டி உள்ளே சாயக்கூடாது. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள்.

8 முதல் 12 முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, இன்னொரு சுற்று. 12 சுலபமானால் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். டம்பெல்லுக்கும் வேலை உண்டு: ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் குனிந்து, மறுகையால் இடுப்புவரை இழுங்கள். கடைசி இரண்டு முறை திணற வேண்டும். அரட்டை அடித்துக்கொண்டே முடித்தால் அந்த எடை போதாது. வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு. பனிக்காலத்தில் விடியலில் வேண்டாம். வெயில் ஏறட்டும், ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குங்கள்.

மறதி விஷயத்தில் மகன் கொஞ்சம் அளந்துவிட்டார். வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2010இல் வெளியான, கனடாவின் வான்கூவர் நகர ஆய்வில், 65 முதல் 75 வயதுப் பெண்கள் 155 பேர் பங்கேற்றார்கள். ஒரு வருடம் எடைப்பயிற்சி செய்தவர்கள், 'பச்சை' என்ற சொல் சிவப்பு மையில் இருந்தால் மையின் நிறத்தைச் சொல்லும் கவனச் சோதனையில் முன்னேறினார்கள். சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

தசைக்குப் புரதமும் வேண்டும்; இரவில் ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் அவரைக்கொட்டையோ முட்டையோ சேருங்கள். இதய நோய், குடலிறக்கம், அண்மையில் கண் அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். டம்பெல் எத்தனை கிலோ என்று எழுதவில்லையே? 5 கிலோ என்றால் கடையில் கொடுத்து 2 கிலோவாக மாற்றச் சொல்லுங்கள்.