1820-கள்ல லார்ட் லயன் கையெழுத்து ஏன் இல்ல?

வணக்கம் நண்பரே, நீங்க வாங்கப்போற 1820-களோட கோட் ஆஃப் ஆர்ம்ஸ் (குடும்பச் சின்னம்) சாசனத்துல லார்ட் லயன் (ஸ்காட்லாந்துல இந்த சின்னங்களை வழங்குற தலைமை அதிகாரி) கையெழுத்து இல்லாம டெப்யூட் (அவரோட துணை அதிகாரி) கையெழுத்து மட்டும் இருக்கு, போலியான்னு கேட்டிருக்கீங்க. அதை மட்டும் வச்சு போலின்னு ஒதுக்கிடாதீங்க ப்ளீஸ்.

அந்த காலத்துல ஸ்காட்லாந்துல லார்ட் லயன் பதவி கிட்டத்தட்ட ஒரு வீட்டு சொத்து மாதிரி ஆயிடுச்சு, 1796-ல கின்னூல் பிரபு (10-வது ஏர்ல்) கைக்கு வந்துச்சு, 1804-ல அவர் போனதும் மகன் உட்கார்ந்தார், அவர் 1866-ல சாகுற வரைக்கும், அதாவது 62 வருஷம், அவர்தான் லார்ட் லயன். ஆனா ஆபீஸ் வேலையை பார்த்தது பூராவும் டெப்யூட்தான், அதனால அந்த கையெழுத்து இருக்குறதுதான் இயல்பு. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா கவிஞர் சர் டேவிட் லிண்ட்சே மாதிரி ஆட்கள் இருந்த நாற்காலி அது. அப்புறம் 1867-ல சட்டம் போட்டு டெப்யூட் பதவியையே எடுத்துட்டாங்க, ஏற்கனவே டெப்யூட்டா இருந்த ஜார்ஜ் பர்னெட்தான் லார்ட் லயன் ஆனார்.

அசலான்னு பார்க்க கையெழுத்தை விட சின்னங்களோட ரெஜிஸ்டர்தான் முக்கியம். 1672 சட்டப்படி தொடங்கின பதிவேடு இன்னும் எடின்பரோ லயன் கோர்ட்ல (லார்ட் லயனோட அலுவலகம்) இருக்கு, பழைய பதிவுகளை ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்ங்கிற ஸ்காட்லாந்து ஆவண இணையதளத்துலயே பேரை போட்டு தேடலாம். பேரும் சின்னமும் தேதியும் சாசனத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, அது வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இன்னொண்ணு, அசலாவே இருந்தாலும் அந்த சின்னம் சாசனத்துல யாருக்கு வழங்கினாங்களோ அவருக்கும் அவர் வாரிசுக்கும்தான், சாசனத்தை விலைக்கு வாங்குறவங்க அந்த சின்னத்தை தன்னோடதா போட்டுக்க முடியாது.