இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம்தானே? அப்புறம் ஏன் கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கு இலவசப் பராமரிப்பு கேட்டுப் போராடுகிறார்கள்?

வைத்தியம் இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் சண்டை எதற்கு என்று புரியும்.

நான் லண்டனில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கேரர். ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நுரையீரல் புற்றுநோய் முற்றிப் படுக்கையோடு இருந்தார். காலையில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், அதாவது வீட்டுக்கே வரும் அரசு நர்ஸ், வந்து மருந்து பம்ப்பில் மார்ஃபினை மாற்றிவிட்டுப் போவார். அது என்.எச்.எஸ். கணக்கு, அதாவது அரசின் இலவச மருத்துவச் சேவை; ஒரு பென்னி கொடுக்க வேண்டாம். அடுத்து நாங்கள் இரண்டு பேர் போவோம். அவரை மெதுவாக ஒருக்களித்து, நனைந்த டயப்பரை மாற்றி, முதுகில் புண் வராமல் கிரீம் தடவி, காய்ந்த உதட்டை ஈரப்படுத்திவிட்டு வருவோம். இது கவுன்சில், அதாவது உள்ளாட்சியின் கணக்கு, இதற்கு பில் உண்டு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் தபாலில் ஒரு பில் வந்தது. அவர் மனைவிக்குப் பணம் பெரிய விஷயமாக இல்லை. "இதில் எது வைத்தியம், எது வைத்தியம் இல்லை என்று யார் பிரித்தது?" என்றுதான் கேட்டார்.

பிரித்தது 1948இல். அந்த வருடம் ஜூலை 5ஆம் தேதி என்.எச்.எஸ். தொடங்கியது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்களிடம் கொடுத்து, வசதியைப் பார்த்துக் கட்டணம் வாங்கலாம் என்றது. இங்கிலாந்தில் இப்போது சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் முழுச் செலவும் நம் தலையில். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இந்த வரம்பு மட்டும் 2010இலிருந்து அப்படியே கிடக்கிறது. ஸ்காட்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பு 2002லேயே இலவசமாகிவிட்டது. 2019இல் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது.

இங்கிலாந்திலும் ஒரு வழி இருக்கிறது, 'ஃபாஸ்ட் டிராக்' என்பார்கள். உடல்நிலை வேகமாக மோசமாகி, முடிவு நெருங்கலாம் என்று டாக்டரோ நர்ஸோ ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் பராமரிப்புச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்கும், சேமிப்பைக் கேட்காது. பாதிக் குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது என் அனுபவம். கிடைத்தாலும் மூன்று மாதத்தில் மறுபரிசீலனை வரலாம். எதிர்பார்த்ததைவிட அதிக நாள் உயிரோடு இருந்தால் உதவி நின்றுபோகும் ஆபத்து உண்டு. என்ன கொடுமை பாருங்கள்!

இலவசப் பராமரிப்பு கேட்டுப் போராடுபவர்களின் கோரிக்கை எளிமையானது: கடைசிக் கட்டம் என்று பதிவான பிறகு வசதியைக் கணக்குப் பார்க்காதீர்கள். அரசே அமைத்த, டாம் ஹியூஸ்-ஹாலெட் தலைமையிலான குழு 2011இல் இதைத்தான் பரிந்துரைத்தது. அவர் அப்போது கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் மேரி க்யூரி தொண்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. மறு வருடம் வந்த அரசின் கொள்கை வெள்ளை அறிக்கை யோசனை நல்லது என்று பாராட்டியது. 2014இல் பராமரிப்புச் சட்டம் வந்தபோது அது சேரவில்லை. புற்றுநோயாளிகளுக்கு உதவும் மக்மில்லன் போன்ற தொண்டு அமைப்புகள் குரல் கொடுத்ததும், 2015இல் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு ஆதரித்ததும் ஏட்டோடு சரி.

யார் எப்போது சாவார் என்று எப்படிச் சொல்வது என்பது எதிர்த்தரப்புக் கேள்வி. நியாயமான கேள்விதான். மறதி நோயிலும் இதய பலவீனத்திலும் கணிப்பது கஷ்டம். ஆனால் அரசின் உதவித்தொகைகளில் 12 மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று டாக்டர் எழுதினால் விரைவாகக் கொடுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஏற்கும் கணிப்பை இங்கே மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்? வசதியானவர்களுக்கும் இலவசமா என்றும் சிலர் கேட்பார்கள். மார்ஃபின் கொடுக்கும்போது யாரும் பாஸ்புக்கைக் கேட்பதில்லையே.

உங்கள் சொந்தக்காரர் யாராவது இங்கே அந்த நிலையில் இருந்தால், கவுன்சில் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஜி.பி.யிடமோ (குடும்ப டாக்டர்) டிஸ்ட்ரிக்ட் நர்ஸிடமோ "ஃபாஸ்ட் டிராக் எழுத முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.