குறுக்குவில்லுக்கு ஒரு துணிப்பை

அன்பின் அண்ணன்,

சுவிஸில் இருந்த காலத்தில் கழகம் ஒன்றில் குறுக்குவில் பழகியதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என்னிடமும் இப்போது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து திரும்பிய மாமா தந்தது. பெட்டியில் 175 இறாத்தல் இழுவிசை, விநாடிக்கு 350 அடி வேகம் என்று போட்டிருக்கிறது. கூடவே 400 கிரெய்ன் கார்பன் அம்புகள். மீன் வாடியில் கிடந்த ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றை மதிலில் சாத்திவைத்து எய்து பார்த்தேன். அம்பு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போய் மதிலில் அடித்தது. முனை வளைந்து, தண்டும் வெடித்துவிட்டது.

இணையத்தில் பார்த்தால் ஃபோம் கட்டி, துணிப்பை, காட்டுப்பன்றி உருவம் என்று பல வகை இலக்குகள் இருக்கின்றன. விலையோடு கப்பல் செலவையும் சேர்த்தால் தலை சுற்றுகிறது. வைக்கோல் கட்டு போதுமா? தென்னங்குற்றி சரிவருமா? எவ்வளவு தூரத்தில் வைத்துப் பழகுவது? வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் எங்களுக்கு வயல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு குளக்கட்டும் உண்டு. அங்கே வைத்து எய்யலாமா?

(பெயர் வேண்டாம்), களுவாஞ்சிகுடி

*

அன்பின் தம்பி,

வெடித்த அம்பை முறித்துக் குப்பையில் போடுங்கள், பசை போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டாம். வெடிப்புள்ள கார்பன் தண்டு நாண் உதைக்கும்போதே சிதறும், சிம்புகள் கைக்குள் ஏறும். மிச்ச அம்புகளையும் ஒவ்வொன்றாக முகத்துக்கு எட்டப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். நெறுநெறு என்று சத்தம் கேட்டால் அதுவும் குப்பைக்குத்தான்.

இனி உங்கள் வில்லின் கணக்கு. விநாடிக்கு 350 அடி என்றால் ஏறத்தாழ 107 மீட்டர், மணிக்கு 380 கிலோமீட்டருக்கு மேல். 400 கிரெய்ன் அம்பின் எடை 26 கிராம் வரும். அப்படியென்றால் வில்லை விட்டுப் புறப்படும்போது அந்த அம்பிடம் ஏறத்தாழ 148 ஜூல் சக்தி இருக்கிறது. சாதாரணக் கைவில்லில் இருந்து போகும் அம்பின் வேகம் இதில் பாதி அளவுதான். வேகம் பாதியானால் சக்தி கால்வாசியாகிவிடும். அதனால் கைவில்லுக்குச் செய்த இலக்கு குறுக்குவில்லுக்கு உதவாது. கடையில் வாங்குவதாக இருந்தால் எத்தனை அடி வேகம் வரை தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் உங்கள் வில்லின் எண்ணைவிடக் கூட இருக்க வேண்டும். எண்ணே போடாத இலக்கைத் தொடாதீர்கள்.

ரெஜிபோம் தோற்றது மென்மையாக இருந்ததனால் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதனால்தான் தென்னங்குற்றிக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நல்ல இலக்கு அம்பை உரசி உரசித்தான் நிறுத்துகிறது. கடினத்துக்கு அதில் வேலையே இல்லை. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் விட்டுக்கொடுக்கிறோமே, அதே கதைதான். 148 ஜூலையும் ஒரு சாண் ஆழத்துக்கு மேல், தண்டின் முழுச் சுற்றிலும் பிடித்து இழுத்து வாங்க வேண்டும். ரெஜிபோமில் பெரும்பகுதி காற்று. போன வழியே நொறுங்கிவிடுவதால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தென்னங்குற்றியோ அந்தச் சக்தி முழுவதையும் முனையின் மேல் ஒரே அடியில் திருப்பிவிடும். முனை மரத்துக்குள் இருக்கும், நீங்கள் தண்டை மட்டும் உருவிக்கொண்டு நிற்பீர்கள். பக்கவாட்டில் பட்டால் அம்பு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பழைய டயரும் வேண்டாம், உள்ளே கம்பி இருக்கிறது.

வைக்கோல் நல்ல யோசனைதான். ஆனால் அறுவடை மெஷின் கக்கிவிட்டுப் போகிற வைக்கோலை அள்ளிக் கட்டினால் அம்பு மறுபக்கம் வந்துவிடும். இயந்திரத்தால் இறுக்கிய கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நிற்கும், அதுவும் கொஞ்சக் காலத்துக்குத்தான். அப்புறம் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அம்பைப் பிடுங்கக் கையை வைக்கிற இடம் அது, யோசித்துக்கொள்ளுங்கள். மாரி வந்தால் அடியில் அழுகும், கோடையில் கறையான் அரிக்கும்.

கடை இலக்குகளில் அடுக்கடுக்காக ஃபோம் தகடுகளை இறுக்கிச் செய்தவை நல்லவை. கத்தி போல அகன்ற வேட்டை முனைகளையும் பல ஃபோம் இலக்குகள் தாங்கும். துணிப்பைக்கு அந்த முனை ஆகாது, பையைக் கிழித்துவிடும். ஆனால் நீங்கள் பழகத்தானே போகிறீர்கள், வேட்டை முனை எதற்கு? தண்டின் பருமனிலேயே இருக்கும் கூம்பு முனை போதும். ஃபோமில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வேகத்தில் உரசுகிற சூட்டில் ஃபோம் இளகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரக் கட்டியைத் தண்டின் முன்பாதியில் தேய்த்துவிட்டு எய்தால் கழற்றுவது சுலபம். முனையிலும் சிறகிலும் தேய்க்க வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது துணிப்பை. பணம் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அம்பை ஒரு கையால் உருவிவிடலாம், பழுதானால் நாமே தைத்துக்கொள்ளலாம், உள்ளே போடும் சாமானுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. மருதமுனையில் தறிக் கழிவு கிடைக்கும். தையல் கடைகளிலும் கார்மென்டுகளிலும் வெட்டுத்துண்டு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும். டீ-ஷேர்ட் துண்டுகள் மிகவும் நல்லவை. பழைய சாரம், சேலை எல்லாம் போடலாம். ஆனால் பொத்தான், சிப், கொக்கி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. தண்டைக் கீறுவது அவைதான்.

பையின் முகம் இரண்டடிச் சதுரம் இருக்கட்டும். தடிப்பில்தான் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. உங்கள் அம்பு 20 அங்குலம் என்றால் அரை மீட்டர், அதில் கடைசி நாலு அங்குலம் சிறகு. சிறகு எப்போதும் வெளியே நிற்க வேண்டும். பைக்குள் போனால் பிய்ந்துவிடும், பிய்ந்த சிறகோடு அம்பு நேராகப் போகாது. அதனால் ஒன்றரை அடித் தடிப்புக்குக் குறையாமல் தையுங்கள். உள்ளுறைக்கு உரப்பை இரண்டு மடிப்பு, அதற்கு மேலே சணல் சாக்கு. உரப்பையை அப்படியே வெயிலில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள் கையில் தூளாக உதிரும்.

நிரப்பும்போது ஒரு சாண் போட்டுவிட்டு ஏறி மிதியுங்கள், மூலைகளை உலக்கையால் இடியுங்கள், அப்புறம் அடுத்த சாண். துணியைச் சுருட்டி உருண்டையாகப் போடாதீர்கள், உருண்டைகளுக்கு இடையில் சந்து விழும். அம்பு அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிடும். நிரம்பிய பை நாற்பது கிலோவை நெருங்கும், ஆகவே வைக்கப்போகிற இடத்திலேயே நிரப்புவது புத்தி. முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்து, மேலே நாலு கிடுகு போட்டு மழை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழகப் பழக நடுவில் துணி விலகிக் குழி விழும். அப்போது பையைப் புரட்டி, உதைத்து, மேலால் கொஞ்சம் துணி திணித்தால் மறுபடி சரியாகிவிடும்.

பை தைத்தவுடன் குறிபார்க்கத் தொடங்காதீர்கள். முதல் அம்பு பையைச் சோதிக்கிற அம்பு. அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பின்பக்கம் துருத்துகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது.

பைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பையைவிட முக்கியம். பிழைத்துப் போகிற அம்பு பல நூறு மீட்டர் பறக்கும். குளக்கட்டை நீங்கள் கேட்டதும் எனக்குப் பயம்தான் வந்தது. மண் அணை என்ற அளவில் அது அருமையானது, ஆனால் அதன் மேலேதான் ஊர்ச் சனம் சைக்கிளில் போய்வருகிறது. கொஞ்சம் உயரத் தூக்கி எய்தால் அம்பு கட்டைத் தாண்டி அந்தப் பக்கம் குளிக்கிறவர்களிடம் போகும். வயலிலும் அறுவடை முடிந்தவுடன் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள், மாட்டுக்குப் பின்னால் பொடியன்கள் வருவார்கள். வரம்பு முழங்கால் உயரம், அது எதையும் தடுக்காது. கடற்கரை மணல் மேடும் அப்படித்தான், அதன் அந்தப் பக்கத்தில் யார் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது.

உங்கள் வயலில் ஒரு மூலையைத் தெரிந்து, பைக்குப் பின்னால் தலைக்கு மேல் உயரத்துக்கும், பையைவிட இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் கூடுதலாகவும் மண்மூட்டை அடுக்குங்கள். மண்மூட்டை அடுக்க நம் பகுதி ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணையே இலக்காக வைக்க வேண்டாம். அது அம்பைச் சட்டென்று நிறுத்தித் தண்டைக் கெடுக்கும், மணல் கார்பனை அராவும். தப்பிப் போனதைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பு, இதை வைத்திருக்கவும் எய்யவும் என்ன அனுமதி வேண்டும் என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். அப்புறம் பொலிஸிலும் கிராம சேவகரிடமும் நேரில் பேசுங்கள், பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள். அந்த வில்லுக்குப் பின்கட்டையும் விசையும் ஸ்கோப்பும் இருக்கின்றன. ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருந்து பார்க்கிற கண்ணுக்கு அது துவக்குத்தான். படுவான்கரையில் துவக்கோடு ஒருவர் வயலுக்குள் போவதைப் பார்த்தால் நம் ஆச்சிமாருக்கு நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

தூரம். சர்வதேசப் போட்டிகளில் ஒரு பிரிவு 10, 30 மீட்டரிலும், இன்னொரு பிரிவு 35, 50, 65 மீட்டரிலும் நடக்கும். உங்களுக்கு இப்போதைக்கு 10 மீட்டர். அம்புகள் எல்லாம் ஒரு கையகலத்துக்குள் விழத் தொடங்கியதும் 20க்குப் போய் அங்கே ஸ்கோப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். பையின் நடுவில் பெரிய வட்டம் ஒன்றைக் கீறாதீர்கள். ஐந்தாறு சின்னப் புள்ளிகளைப் பரவலாக வைத்து, புள்ளிக்கு ஒரு அம்பு. ஸ்கோப் சரியாக இருந்தால் இந்தத் தூரத்தில் இரண்டாவது அம்பு முதலாவதின் வாலையே பிளக்கும். பார்க்க அழகாக இருக்கும், அம்பின் விலை நினைவுக்கு வரும்வரை. அதோடு பையும் ஒரே இடத்தில் ஓட்டையாகாது.

காட்டுப்பன்றி உருவம் வேண்டாம். தொடங்குகிறவருக்கு அதில் குறிபார்க்கத் தெளிவான ஒரு புள்ளி இருப்பதில்லை. எல்லாரும் வயிற்றைப் பார்த்து எய்து அதைத்தான் முதலில் கிழிப்பார்கள்.

அம்பைப் பிடுங்கும்போது ஒரு உள்ளங்கையைத் தண்டுக்குப் பக்கத்தில் பையில் ஊன்றி, மற்றக் கையால் தண்டை அடியோடு பிடித்து நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுத்தால் தண்டு போய்விடும். பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள், திடீரென்று கழன்று வருகிற அம்பின் வால் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

மிச்சத் துணியில் சின்னதாக இன்னொரு பையும் தைத்து, நீங்கள் நிற்கிற இடத்துக்குச் சில அடி முன்னால், மண்மூட்டையின் பக்கமாகவே தரையில் போட்டு வையுங்கள். நாண் ஏற்றிய பிறகு எய்ய மனமில்லாமல் போகலாம், பாதையில் ஆள் வரலாம். அம்பில்லாமல் விசையை இழுத்தால் வில்லின் கைகள் முறியும். இப்படியான வில்லில் பலவற்றை எய்துதான் இறக்க முடியும். பாதை வெளித்தபின் பழைய அம்பு ஒன்றைப் பூட்டி அந்தச் சின்னப் பைக்குள் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்