கை நடுங்குவதால் அறுவை சிகிச்சைத் துறையை விடலாமா?

தம்பி, ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) முதல் தையல் போடும்போது கை நடுங்கியது, எம்.எஸ். எனும் அறுவை சிகிச்சை மேற்படிப்பு ஆசையை விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நானும் பாளையங்கோட்டையில் மருத்துவம் படித்தவன்தான். வாழைத்தார் வெட்டும்போது காலில் அரிவாள் பட்ட விவசாயிக்கு நான் முதல் தையல் போட்டபோது, ஊசி முனை தோலுக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது. "முழங்கையைக் கட்டிலில் ஊன்றுங்கள் சார்" என்றார் மூத்த செவிலியர். பாதி நடுக்கம் அங்கேயே போய்விட்டது.

சுண்டுவிரலுக்கும் ஓர் ஊன்றுதல் கொடுங்கள். ஊசியை நடுவில் பிடிக்காமல், நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். தோலில் செங்குத்தாக இறக்கி மணிக்கட்டைச் சுழற்றுங்கள், தள்ளாதீர்கள். விடுதி அறையில் வாழைப்பழத் தோலில் தைத்துப் பழகுங்கள். கொஞ்சம் அழுத்தினாலும் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். காபியைக் குறையுங்கள். வெறும் வயிற்றோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகாதீர்கள். பேனா பிடிக்கும்போதும் நடுங்கினால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எம்.எஸ். 3 ஆண்டுப் படிப்பு. கை அதற்குள் பழகிவிடும். நள்ளிரவில் குடல் வெடித்து வரும் நோயாளியை விட்டு நகராமல் நிற்க மனம் வருகிறதா என்று மட்டும் யோசியுங்கள். வந்தால் விண்ணப்பித்துவிடுங்கள்.