தொலைந்த போனைத் தேடித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் நிலையம் போகும் வழியில் கூட்டத்தில் என் மனைவியின் போனை யாரோ எடுத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், அதோடு சரி. எங்கள் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், 'ஐஎம்இஐ நம்பரைக் கொடுங்கள், போன் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன், 2,500 ரூபாய் ஆகும்' என்கிறார். கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

கொடுக்காதீர்கள். அவரால் அது முடியாது.

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க எண். போன் டவரோடு இணையும்போது அந்த எண் தொலைபேசி நிறுவனத்துக்குப் போகும். போலீஸ் கேட்டால் அவர்களுக்குத் தருவார்கள், கடைக்காரருக்குத் தர மாட்டார்கள். இப்படிக் கேட்கும் கடைக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, 'சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறது' என்று நாலு நாள் இழுப்பார்கள். இல்லையென்றால் உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, போன் இருக்கும் இடத்தைக் காட்டும் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்'பில் பார்ப்பார்கள். அதை நீங்களே வீட்டில் இருந்தபடி இலவசமாகப் பார்க்கலாம். போன் போன வருத்தத்தில் பாஸ்வேர்டையும் ஊரார் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் வேலை சிம். அதை முடக்கியதாக நீங்கள் எழுதவில்லை. திரைக்குப் பூட்டு இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் எடுத்தவனுக்கு வரும். இன்றே முடக்கி, டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். வங்கியில் சொல்லி யுபிஐ-யையும் நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம். 2023 மே மாதம் வந்தது, கட்டணம் கிடையாது. புகார் நகல், அடையாள அட்டை, போன் வாங்கிய பில், ஐஎம்இஐ எண் ஆகியவற்றைக் கொடுத்துப் போனை முடக்கலாம். ஐஎம்இஐ எண் போன் வந்த பெட்டியின் மேலேயே இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள், இரண்டையும் கொடுங்கள். முடக்கிய போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. யாராவது அதில் சிம் போட்டால் தகவல் போலீஸுக்குப் போகும். அங்கே ஒருவர் அதை எடுத்துப் பார்த்துக் கிளம்ப வேண்டுமே! இவ்வளவு நல்ல வசதியைச் செய்து வைத்துவிட்டு, ரசீது கொடுக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. மக்கள் ரிப்பேர் கடைக்கு ஓடுவது அதனால்தான். வாரம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முடக்குவதற்கான ஓடிபி டூப்ளிகேட் சிம்முக்குத்தான் வரும். புது சிம்மில் குறுஞ்செய்தி வேலை செய்ய 24 மணி நேரம் வரை ஆகலாம், பதற வேண்டாம். ஆனால் சிம் யார் பெயரில் இருக்கிறது? நம் வீடுகளில் மனைவியின் சிம் மாமனார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருப்பது சகஜம். அப்படியானால் அவரே ஆதாரோடு சிம் நிறுவனத்தின் கடைக்கு வர வேண்டும். அவர் இறந்திருந்தால், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று கேட்பார்கள், பெயர் மாற்றிய பிறகுதான் சிம். அதுவரை காத்திருக்காதீர்கள். போலீஸும் அதே தளத்தில் முடக்கக் கோரலாம். ரசீதைக் காட்டி, எழுத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். 'நீங்களே ஆன்லைனில் போடுங்க' என்று திருப்பி அனுப்பினால், சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.

அடுத்த சில நாட்களில், 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று செய்தி வரலாம். போலீஸ் பேசுவதாகச் சொல்லி, போனின் பூட்டைத் திறக்கும் பின் (PIN) நம்பரைக் கேட்கலாம். கூகுள் கணக்கிலிருந்து போனை நீக்கச் சொல்லலாம். மூன்றையும் செய்யாதீர்கள். பூட்டோடு இருக்கும் போன் அவர்களுக்கு டிஸ்ப்ளே, கேமரா என்று உதிரிபாக விலைக்குத்தான் போகும். பூட்டு திறந்தால் முழுப் போனாக விற்கலாம், அதற்குத்தான் இத்தனை நாடகமும்.

முடக்கியதும் தளம் தரும் கோரிக்கை எண்ணை ஒரு தாளில் எழுதி, பில்லோடு வையுங்கள். போன் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அந்த எண் வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.