மூன்றாவது ஆசிலேட்டர் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் வேலை. ராத்திரியில் மாடுலர் சிந்தசைசரை (தனித்தனி மாட்யூல்களை ஒயரால் இணைத்துச் சத்தம் எழுப்பும் மின்னணு வாத்தியம்) வைத்து நாய்ஸ் என்ற இரைச்சல் இசை செய்கிறேன். மாட்யூல்களைப் பொருத்தும் யூரோரேக் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது, 84 ஹெச்பி அகலம். அதில் சுருதி எழுப்பும் ஆசிலேட்டர் தலா 20 ஹெச்பியில் இரண்டு, 22-ல் ஸ்வரங்களை வரிசையாக ஓட்டும் சீக்வென்சர், 14-ல் எதிரொலி தரும் ரிவெர்ப், 8-ல் சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர். பெட்டி நிரம்பிவிட்டது. ஆனால் எதைத் திருகினாலும் ஒரே ஊளை. பெரிய பெட்டியும் மூன்றாவது ஆசிலேட்டரும் வாங்கலாமா? வீட்டில் வேறு, ‘வெள்ளைக்காரன் பைத்தியம் உனக்கு எதுக்கு’ என்கிறார்கள்.

பர்கூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் விசிஏ (வோல்ட்டேஜால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல்) ஒன்றுகூட இல்லை, சத்தங்களைக் கலக்கும் மிக்ஸரும் இல்லை. தட்டு முழுக்கக் குழம்பை ஊற்றிவிட்டுக் களி வைக்க இடம் தேடுகிறீர்கள்.

ஒரு ஆசிலேட்டரையும் சீக்வென்சரையும் கழற்றிவிடுங்கள். 42 ஹெச்பி மிச்சமாகும். ஒரு ஹெச்பி 5.08 மி.மீ., ஆக 21 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. நாலு சேனல் விசிஏ 8-ல் அடங்கும். நாலு உள்ளீட்டில் எதையும் நாலு வெளியீட்டில் எதற்கும் அனுப்பும் மேட்ரிக்ஸ் மிக்ஸருக்கு 16 விடுங்கள். அதைவிடச் சின்னதும் கிடைக்கும்; பதினாறு குமிழும் நெருங்கிக் கிடந்தால் ஒன்றைத் திருப்பும்போது பக்கத்துக் குமிழும் சேர்ந்து வரும். மிச்சத்தில் இரைச்சல் தரும் நாய்ஸும், அதிலிருந்து அவ்வப்போது ஒரு வோல்ட்டேஜைப் பிடித்துவைக்கும் சாம்பிள் அண்ட் ஹோல்டும் சேர்ந்த மாட்யூல் ஒன்று, மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் மைக் ப்ரீஆம்ப் ஒன்று. அப்புறமும் இடம் இருந்தால் காலியாகவே கிடக்கட்டும்.

மாற்றும்போது பவர் ஒயரின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். தர்மபுரியில் கரண்ட் போன ஒரு ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் திருப்பிச் செருகிவிட்டேன். கரண்ட் வந்ததும் மாட்யூலுக்குள்ளிருந்து ஊதுவத்தி மாதிரி ஒரு நூல் புகை. அவ்வளவுதான், போயிற்று.

இனி உங்கள் ஊளைக்கு வருவோம். மிக்ஸரின் ஒரு வெளியீட்டை ஃபில்டருக்குக் கொடுங்கள். ஃபில்டரிலிருந்து விசிஏ, விசிஏவிலிருந்து திரும்ப அதே மிக்ஸர். ஆசிலேட்டரைத் தொடவே வேண்டாம். விசிஏவை மெல்லத் திறந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் சுற்று தானாகக் கத்த ஆரம்பிக்கும். திரும்பி வரும் சத்தம் போன சத்தத்தைவிடப் பெரிதாகும் புள்ளி அது. அதற்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திவைத்து, சாம்பிள் அண்ட் ஹோல்டிலிருந்து வரும் வோல்ட்டேஜைக் கொஞ்சமாக விசிஏவுக்குள் விடுங்கள். கத்தும், அடங்கும், விக்கும், சுருதி தாவும். இதே மாதிரி இரண்டாவது சுற்று ஒன்று போட்டு அதில் ரிவெர்பையும் இழுத்துவிட்டால் ஒரு குமிழைத் தொட்டதும் மற்ற எல்லாம் நகரும். அப்போது ஹெட்போனை மட்டும் போடாதீர்கள், சத்தம் சொல்லாமல் எகிறும்.

வெள்ளைக்காரன் பைத்தியம் என்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்ததும், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்ததும் 1969-ல். அது தூரம் என்றால் நம் ஊர்த் திருவிழாவில் உறுமிக்காரர் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அவர் எழுப்பும் அந்த உறுமலை என் ஃபில்டரில் கொண்டுவர இரண்டு வருஷம் பார்த்தேன், வரவில்லை.

அதனால்தான் மைக் ப்ரீஆம்ப். உங்கள் வேலையிடத்தில் வெட்டிப் போட்ட ஓரத் துண்டு கிடக்குமே, அதில் இரண்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ தகடு வாங்கி ஒன்றின் அடியில் ஒட்டுங்கள். மாடுலருக்குள் ஓடும் சத்தம் 10 வோல்ட் அளவில் ஆடும். பீசோ தருவது அதற்குப் பக்கத்தில்கூட வராது, ப்ரீஆம்ப் இல்லாமல் முனகல்தான் மிஞ்சும். கல்லின் மேல் கல்லை வைத்துத் தேயுங்கள், பாலிஷ் போட்ட பக்கம் ஒரு தடவை, போடாத பக்கம் ஒரு தடவை. இரண்டையும் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுக் கல்லை எடுங்கள்.